வலப்பக்கக் கண்ணாடியின் நடுக்கம்

2025 ஜூன் 3, செவ்வாய்

பழைய டீசல் வேன் வாங்குகிறவர்கள் இஞ்சினையும் துருவையும் பார்ப்பார்களே தவிர, பக்கக் கண்ணாடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. இன்று விடியுமுன் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு தேக்காவுக்கு வரும் வழியில், பின்னால் வந்த மோட்டார்சைக்கிளின் ஒற்றை விளக்கு வலப்பக்கக் கண்ணாடியில் மேலும் கீழும் இழுபட்ட வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அது எவ்வளவு தொலைவில் வருகிறது என்று கணிக்க முடியவில்லை. ஆயர் ராஜா விரைவுச்சாலையில் தடங்களுக்கிடையே மோட்டார்சைக்கிள்கள் புகுந்து செல்வது அன்றாடக் காட்சி என்பதால், இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

ஜூன் 4, புதன்

ஓடும்போது மட்டும் நடுக்கம் இருந்தால் எதிர்க்காற்றையோ சக்கர பேலன்சையோ சந்தேகிக்க வேண்டும். நின்ற இடத்திலேயே இருந்தால் அது இஞ்சினிலிருந்துதான் வருகிறது. வீட்டருகே உள்ள பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வேனை நியூட்ரலில் நிறுத்திப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் கண்ணாடி நடுங்கியது, ஏர்கானைப் போட்டதும் கூடியது, ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்ததும் பிம்பம் தெளிந்துவிட்டது. நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சிலிண்டர்களில் டீசல் எரிகிறது என்பதால், நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும்போது நொடிக்கு 25 உதைப்புகள் வேனின் உடலுக்குள் இறங்குகின்றன; தளர்ந்து கிடக்கும் ஒரு பொருளின் இயல்பான அதிர்வு அந்த வேகத்தோடு ஒத்துப்போனால், சிறு உதைப்பும் பெரிய ஆட்டமாகிவிடும்.

கண்ணாடி பொருந்தியிருக்கும் வெளிக்கூட்டை ஒரு கையால் இறுகப் பிடித்தபோது ஆட்டம் பாதிதான் குறைந்தது. கண்ணாடியின் ஓரத்தை ஒரு விரலால் அழுத்தியதும் மீதியும் நின்றது. ஆகவே தளர்வு ஓரிடத்தில் அல்ல, இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

மச்சான் உதவிக்கு வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் சிலிக்கோனை நிரப்பிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பது அவர் கட்சி. அப்படிச் செய்தால் கண்ணாடியைத் திருப்பும் மோட்டார் சிக்கிக்கொள்ளும், வேறொருவர் வேனை ஓட்டும்போது கோணத்தை மாற்ற முடியாது என்று மறுத்துவிட்டேன்.

கதவின் உட்புறத்தில் உள்ள முக்கோண மூடியைக் கழற்றினால் கூட்டைத் தாங்கும் மூன்று நட்டுகள் தெரிகின்றன. அவற்றில் கீழ் நட்டு விரலாலேயே சுழன்றது. மூன்றையும் ஒரேயடியாக முறுக்காமல் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினேன். கதவுத் தகடு மெல்லியது, வெறிகொண்டு முறுக்கினால் நெளிந்துவிடும். நட்டு மீண்டும் தளராதிருக்க, பின்னர் கழற்றக்கூடிய நீல நிறத் திரெட்லாக் என்ற மரைப் பசையை ஒரு சொட்டு விட்டேன். சந்துகளில் சரக்கு இறக்கும்போது அடிக்கடி மடக்கப்படும் கீல்தான் தேய்ந்திருக்கும் என்று எண்ணியிருந்தேன். அதன் ஸ்பிரிங் திடமாகவே இருந்தது.

கண்ணாடியை வெயிலில் சூடேறவிட்டு, பிளாஸ்டிக் நெம்புகோலால் கீழ் விளிம்பிலிருந்து மெதுவாக நெம்பினோம். பின்தட்டின் கவ்விகளில் ஒன்று முறிந்து, கூட்டின் அடியில் கிடந்தது. போதாக்குறைக்கு, முன்னாள் உரிமையாளர் ஒட்டியிருந்த தடித்த வட்டக் குவிகண்ணாடி வெளிமூலையில் கூடுதல் எடையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முறிந்த கவ்வியும் அதே மூலையில்தான் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

காக்கி புக்கிட்டில் பழைய உதிரிபாகக் கடையொன்றில் பின்தட்டோடு சேர்ந்த கண்ணாடி 30 வெள்ளிக்குக் கிடைத்தது. வட்டக் கண்ணாடி வேண்டுமென்றால் மெலிந்ததாக, உள்மூலையில் ஒட்டிக்கொள்ளலாம். வேனின் பின்புறம் ஒட்டியுள்ள 70 என்ற வேக வரம்பு வரை ஓட்டிப் பார்த்தேன். பின்னால் வரும் வண்டியின் எண் பலகையை இடவலம் மாறிய எழுத்துகளாக வாசிக்க முடிகிறது. ஐடிலிங்கில் மட்டும் மெல்லிய நடுக்கம் மிஞ்சியிருக்கிறது.

பட்டறை அண்ணன் முன்னிருக்கையைத் தூக்கி, இஞ்சினைத் தாங்கி அதன் அதிர்வை உள்வாங்கும் ரப்பர் மவுண்டிங்கில் டார்ச் அடித்துக் காட்டினார். “ரப்பர் வெடிச்சிருக்கு தம்பி. கண்ணாடியை மட்டும் குறை சொல்லாதீங்க,” என்றார். பத்தாண்டைக் கடந்த சரக்கு வேனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. அடுத்த பரிசோதனை வரை காத்திராமல், வரும் ஞாயிறன்றே இரண்டு பக்க மவுண்டிங்குகளையும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதின் மீது சுமை கூடும் என்று அவர் சொன்னது நியாயமாகவே பட்டது.