தட்டுவடை செட்டும் ரெண்டு படமும்

ஞாயித்துக்கிழமை மழை. வெளிய போகல. தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் பீட்ரூட் துருவலும் வெச்சது) வாங்கி வெச்சுக்கிட்டு வீட்லயே ரெண்டு படம்.

முதல்ல மரகத நாணயம், 2017ல வந்தது. பேய், புதையல், காமெடி மூணையும் ஒண்ணா கரைச்சு விட்டிருக்காங்க. நிக்கி கல்ராணி வாயைத் திறந்தா ஆம்பளைக் குரல் வருது பாருங்க, அங்க நான் சிரிச்ச சிரிப்புல பீட்ரூட் துருவல் பூரா வேட்டியில. கறை இன்னும் போகல. கிளைமாக்ஸ் கொஞ்சம் இழுவை.

அடுத்தது அம்மாவுக்காக அலிபாபாவும் 40 திருடர்களும். 1956. தமிழோட முதல் முழுநீளக் கலர் படம், எடுத்தது நம்மூரு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ. ஏற்காடு போறப்ப ரோட்டோரம் ஒரு வளைவு நிக்குமே, அதுதான் அவங்க வாசலா இருந்தது. கிராபிக்ஸ் ஒரு துளி கிடையாது, ஆனா குகைக் கதவு தொறக்கறப்ப என் பையன் போனைக் கீழ வெச்சுட்டான்! எம்ஜிஆர் கத்திச்சண்டை இன்னிக்கும் விறுவிறுன்னு இருக்கு. நடிப்புன்னு பார்த்தா பானுமதிதான் ஒரு படி மேல. (ரசிகர்கள் அடிக்க வராதீங்க.)

யாருக்காகப் போட்டமோ அந்தம்மா மட்டும் பாதியிலயே தூங்கிருச்சு. எழுந்ததும் முதல் கேள்வி: "எனக்குத் தட்டுவடை வெச்சிருக்கியா கண்ணு?"