பெர்ஷியன் வாங்கப் போய்...

பொண்ணு ரெண்டு மாசமா பெர்ஷியன் பூனைக்குட்டி வேணும்னு கேட்டுட்டே இருந்தா, சரின்னு குட்டி போட வச்சு விக்கற ஒரு ப்ரீடர் வீட்டுக்குப் போய்ப் பாத்தோம், வெள்ளைப் பஞ்சு மாதிரி குட்டி, கையில எடுத்தா கீழ விட மனசே வரல. ஆனா ஆறு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள தாய்கிட்டேருந்து பிரிச்சிருக்காங்க, தாயைக் காட்டுங்கன்னா காட்டல, கிட்னி டெஸ்ட் எடுத்தீங்களான்னா அப்படின்னா என்னன்னு கேக்கறாங்க. பெர்ஷியனுக்கு பிகேடின்னு பரம்பரையா வர்ற சிறுநீரக நோய் இருக்கு, தாய் தகப்பன்ல ஒண்ணுக்கு இருந்தாலே குட்டிக்கு வர பாதிக்குப் பாதி சான்ஸ், டிஎன்ஏ டெஸ்ட்ல முன்னாடியே தெரிஞ்சுடும். மூஞ்சி வேற தட்டை, கண்ணுல தண்ணி வழிஞ்சுட்டே இருக்கும், தினம் தொடைக்கணும், முடி சீவணும், நம்ம சென்னை மே மாச வெயில்ல அந்த முடியோட அது படற பாட்டை நினைச்சாலே வயித்தை என்னமோ பண்ணுது.

அப்புறம் வேளச்சேரி பக்கம் ப்ளூ க்ராஸ் போனோம், 1959லேருந்து இருக்கற விலங்கு நல அமைப்பு. அங்க ஒரு சாம்பல் வரிப் பூனை, ரெண்டு வயசு இருக்கும்னாங்க, கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. பொண்ணு தரையில உக்காந்தா, அதுவா வந்து அவ முட்டியில தலையைத் தேச்சுது, அதுக்கப்புறம் அவ பெர்ஷியன் பேச்சே எடுக்கல.

வந்து மூணு வாரம் ஆச்சு. முதல் நாலு நாள் பீரோவுக்கு அடியிலயேதான் இருந்துச்சு (வளந்த பூனைக்கு இது சகஜம், பயந்து யாரும் திருப்பி விட்டுடாதீங்க ப்ளீஸ்). நேத்து ராத்திரிதான் முதல் தடவையா அவ கால்மாட்டுல வந்து சுருண்டு படுத்துச்சு, அவ காலை அசைக்காம விடியற வரைக்கும் அப்படியே படுத்திருந்தா.