ஒரே மிதவையை நம்பி ஊருக்குப் போனேன்

போன வருஷம் கத்திரி வெயிலில், மச்சினிச்சி வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் காலையில் ஆரணி போய்விட்டு ராத்திரி சத்துவாச்சாரி திரும்பினோம். கதவைத் திறந்ததும் மகள் நேரே எங்கள் கடல்நீர் மீன் தொட்டிக்குத்தான் ஓடினாள். "அப்பா, பவளமெல்லாம் சுருங்கிக் கெடக்குது!" கீழே குனிந்து சம்ப்பை, அதாவது மீன் தொட்டிக்கு அடியில் அதோடு இணைந்திருக்கும் சின்னத் தொட்டியைப் பார்த்தேன். விளிம்புக்கு இரண்டு விரக்கடைதான் பாக்கி. பக்கத்தில் 20 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் கேன் காலி. ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்க வேண்டிய உப்பு 33-க்கு இறங்கியிருந்தது. மீன்கள் தப்பின. பவளம் பழையபடி விரிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை.

காரணம், மட்டம் குறையும்போது கேனிலிருந்து சம்ப்புக்குத் தண்ணீர் ஊற்றும் பம்ப்பை ஓடவிடும் ஒரு சின்ன மிதவை சுவிட்ச். அதன் தண்டில் உப்புப் பூத்து, மிதவை மேலே ஏற முடியாமல் கீழேயே ஒட்டிக்கொண்டது. 'தண்ணி கம்மி, தண்ணி கம்மி' என்று அது சொல்லிக்கொண்டே இருக்க, பம்ப்பும் கேன் காலியாகும்வரை ஊற்றியிருக்கிறது.

நான் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பில் 19 வருஷமாக இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிறேன். அங்கே எந்தத் தொட்டியையும் ஒற்றை சென்சாரை நம்பி விட்டதில்லை. வீட்டில் விட்டேன். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். என் தொட்டியும் சம்ப்பும் சேர்த்துச் சுமார் 300 லிட்டர். மே மாதத்தில் மின்விசிறியும் ஓடினால் நாளுக்கு 6 லிட்டர் போய்விடுகிறது. நல்ல தண்ணீரால் அதை ஈடு செய்ய வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,000-ஐத் தாண்டுவதால் ஆர்.ஓ. தண்ணீர் தவிர வேறு வழியில்லை. குறைவதெல்லாம் சம்ப்பின் கடைசி அறையில்தான் தெரியும்; தண்ணீரை மேல் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் வேறொரு பம்ப் அங்கேதான் இருக்கும். என்னுடைய அறை 30-க்கு 45 சென்டிமீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 1.35 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. சென்சார் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

மாடித் தொட்டிக்கு விற்கும் கம்பி சென்சாரை இதில் போடவே போடாதீர்கள். உப்பு நீரில் டி.சி. மின்சாரம் பாய்ந்தால் எவர்சில்வர் கம்பியும் அரித்துவிடும், கரைந்த உலோகம் தொட்டிக்குள் போகும். பித்தளை பால் வால்வும் கூடாது. செம்பு கொஞ்சம் கலந்தாலும் நத்தை, இறால், பவளம் தாங்காது. முழுக்க பிளாஸ்டிக்கில் செய்த மிதவையாகப் பாருங்கள்.

மிதவை சுவிட்சுக்குள் இருப்பது காந்தமும் ஒரு கண்ணாடிக் குழாய் காண்டாக்டும். பாடு கம்மி, விலையும் கம்மி. ஆனால் பெரும்பாலானவை 10 வாட்டுக்கு மேல் தாங்காது. பம்ப்பை நேராக மாட்டினால் காண்டாக்ட் ஒரு நாள் ஒட்டிப் போய்விடும். மிதவை சரியாக ஏறினாலும் பம்ப் நிற்காது. நடுவில் ரிலே அவசியம்; மிதவையின் சிறு மின்சாரத்தை வாங்கி, பம்ப்பின் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது.

ஒளி சென்சாரில் அசைகிற பாகமே இல்லை. முனை காற்றில் இருந்தால் உள்ளே விட்ட அகச்சிவப்பு ஒளி திரும்பி வரும், தண்ணீரில் இருந்தால் வெளியே போய்விடும். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக்கூடப் பிடிக்கும். அதற்கு எதிரி வேறு: முனையில் ஒட்டும் நுண்குமிழி, பாசி, ஜன்னல் வெயில். அலை ஆடினால் பம்ப் நொடிக்கு நொடி விட்டு விட்டு ஓடும். கொஞ்சம் தாமதம் வைக்கிற டைமர் இல்லாமல் மாட்டக் கூடாது. கரண்ட் போய் வந்ததும் சம்ப் மட்டம் சிறிது நேரம் தாழ்ந்துதான் நிற்கும். அதற்கும் சேர்த்து நான் பத்து நிமிஷம் வைத்திருக்கிறேன்.

இப்போது இரண்டும் இருக்கின்றன. தினசரி வேலைக்கு ஒளி சென்சார். அதற்கு 3 சென்டிமீட்டர் மேலே காவலுக்கு மிதவை. ஒன்று கெடும் விதத்தில் மற்றொன்று கெடாது என்பதற்காகவே இரண்டு ஜாதி. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் மிதவையை இறக்கியிருக்கிறேன். நத்தை ஏறி உட்கார முடியாது, அலையும் அடங்கும்.

வயரிங்தான் இதில் உயிர். கீழ் சென்சார் 'தண்ணி குறைந்தது' என்னும்போது மட்டும் சுற்று மூடி மின்சாரம் பாய வேண்டும். மேல் மிதவை சாதாரணமாக மூடியிருந்து, மட்டம் ஏறினால் திறக்க வேண்டும். இரண்டும் தொடராக. அப்படியானால் எந்த ஒயர் அறுந்தாலும், எந்த முனை துருப்பிடித்துக் கழன்றாலும் பம்ப் நின்றுவிடும். ஒரு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் உப்பு 35-லிருந்து 35.7 ஆகும், அவ்வளவுதான். நிற்காமல் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை அன்று ராத்திரி பார்த்துவிட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்கு வந்தபோது, "இன்னாண்ணா, 100 லிட்டர் டிரம் வெச்சா ரெண்டு வாரம் கவலையில்லயே" என்றான். "அன்னிக்கி அந்த டிரம் இருந்திருந்தா நூறு லிட்டரும் உள்ள போயிருக்கும்பா" என்றேன். கேன் 20 லிட்டரிலேயே இருக்கட்டும். இன்னொன்றும் சொன்னேன்: கேனிலிருந்து வரும் டியூப்பின் வாய் சம்ப் தண்ணீருக்குள் முங்கக் கூடாது, கேன் மட்டமும் அந்த வாய்க்குக் கீழேதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

புது மிதவையை நான் நேரே தொட்டியில் போடுவதில்லை. ஒரு டம்ளர் உப்பு நீரில் ஒரு மாதம் தொங்கவிட்டு, தினமும் மல்டிமீட்டரை வைத்து ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். 'பீப்' ஒரு தடவை தவறினாலும் அது வேண்டாம்.

அமாவாசைக்கு அமாவாசை இரண்டையும் கழற்றி வினிகரில் அரை மணி நேரம் ஊற வைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவுகிறோம். திரும்ப மாட்டியதும் மகள் மிதவையை விரலால் தூக்கிப் பிடிப்பாள். பம்ப் சத்தம் நின்றால்தான் விரலை எடுப்பாள்.