222 அரசுகள் இருந்த நிலத்தில்

நர்மதை நடுவே சாது பேட் தீவில் எழுந்து நிற்கும் 182 மீட்டர் உயரச் சிலையைக் கண்டுவிட்டுத் திரும்புவோரில் பலர் வல்லபாய் பட்டேலைப் பார்த்தாயிற்று என்ற நிறைவோடு வண்டி ஏறிவிடுகிறார்கள். ராம் சுதார் வடிவமைத்த அந்தச் சிலையின் காலடியில் நின்று, வேட்டியின் மடிப்புகளையும் செருப்பணிந்த பாதங்களையும் அண்ணாந்து பார்த்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது உண்மை. ஆயினும் மன்னராட்சிப் பகுதிகளை இந்தியாவோடு இணைக்கப் பட்டேல் செய்த வேலை எத்தகையது என்பது விளங்க வேண்டுமானால், அங்கிருந்து மேற்கே, குஜராத்தின் தீபகற்பப் பகுதியான சௌராஷ்டிராவுக்குப் போக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இராஜ்கோட்டிலிருந்து ஜூனாகத் சுமார் 100 கிலோமீட்டர். கோண்டல், வீர்பூர், ஜேத்பூர் என்று பேருந்து நின்று நின்று சென்ற ஊர்கள் எல்லாம் 1947 வரை தனித்தனி ஆட்சிப் பகுதிகள். அன்று காத்தியவார் என்று அழைக்கப்பட்ட இந்தத் தீபகற்பத்தில் மட்டும் 222 அரசுகள் இருந்தன; அவற்றுள் சில ஒரு சதுர மைல்கூடத் தேறாதவை. கோண்டலுக்கு ஓர் இரயில்வே, பாவ்நகருக்கு ஓர் இரயில்வே, ஜூனாகத்துக்கு ஓர் இரயில்வே. பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் இந்தியாவிடம் ஒப்படைக்கும் இணைப்பு ஆவணத்தில் மன்னர்களைக் கையொப்பமிடச் செய்து, அடுத்த சில மாதங்களிலேயே அந்தச் சிற்றரசுகளை ஒரே மாநிலமாக்கி, 1948 பிப்ரவரி 15 அன்று ஜாம்நகரில் அதைத் தொடங்கிவைத்தார் பட்டேல். உடன் உழைத்தவர், எழுத்தராக அரசுப் பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த ஒற்றப்பாலம் வி. பி. மேனன்.

பாவ்நகர் மன்னர் கிருஷ்ணகுமார்சிங்ஜி அதற்கு ஒரு மாதம் முன்பே, பட்டேலின் முன்னிலையில், ஆட்சிப் பொறுப்பை மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்துவிட்டார். அதே ஆண்டு அவர் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்றார் என்பது நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி. அரசை விட்டுக்கொடுத்த மன்னர்களுக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக அளித்த மானிய வாக்குறுதி காப்பாற்றப்பட வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் பட்டேல் வாதாடினார். 1971இல் அரசமைப்பைத் திருத்தி அம்மானியத்தை ஒழித்ததில் நியாயம் கற்பிக்கலாம்; கொடுத்த சொல் மீறப்பட்டது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஜூனாகத்தின் கதை வேறு. மக்களில் பெரும்பான்மையோர் இந்துக்களாக இருந்த அந்நாட்டின் நவாப் பாகிஸ்தானோடு இணைந்து, பின்னர் குடும்பத்தோடு கராச்சிக்குச் சென்றுவிட, 1947 நவம்பர் 9 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. நான்கே நாட்களில் பட்டேல் அங்கு வந்து பஹாவுதீன் கல்லூரி மைதானத்தில் பேசினார். 1948 பிப்ரவரியில் நடந்த பொது வாக்கெடுப்பில் பாகிஸ்தானுக்குக் கிடைத்தவை 91 வாக்குகள், இந்தியாவுக்கு 1,90,779. நவாபுகளின் கல்லறை மாளிகையான மகாபத் மக்பராவையும், அதை அடுத்த பஹாவுதீன் கல்லறையின் மினார்களைச் சுற்றி ஏறும் படிகளையும் உபர்கோட் கோட்டையையும் காண வருவோர், அந்தக் கல்லூரிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.