கணினியில் 230, மேசையில் 90: 20 மீட்டர் விஸ்பர் டிரான்ஸ்மிட்டர் கட்டிய அனுபவம்

மூன்று மாதமாகச் சனி, ஞாயிறுகளில் மட்டும் உட்கார்ந்து செய்த வேலை இது. 14 மெகாஹெர்ட்ஸில், அதாவது 20 மீட்டர் அலைவரிசையில், கால் வாட்டுக்கும் குறைவான சக்தியில் விஸ்பர் சிக்னல் அனுப்பும் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கெங்கே மாட்டினேன், சிமுலேஷன் எங்கே கை கொடுத்தது, எங்கே கை விட்டது என்று மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

விஸ்பர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பல்சர் ஆராய்ச்சிக்காக 1993இல் ஹல்ஸுடன் சேர்ந்து இயற்பியல் நோபல் வாங்கிய ஜோ டெய்லர், தானும் ஒரு ஹாம் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்) என்பதால், 2008இல் வெளியிட்ட முறை. அழைப்புக் குறி, இருப்பிடக் கட்டம், சக்தி, இந்த மூன்றை மட்டும் 50 பிட்டுக்குள் அடைத்து, 162 துண்டாக்கி, நான்கே நான்கு தொனிகளில் 110.6 விநாடி நேரம் மெதுவாக அனுப்புகிறோம். ஒரு தொனிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.46 ஹெர்ட்ஸ்தான், மொத்த சிக்னலும் 6 ஹெர்ட்ஸ் அகலத்தில் அடங்கிவிடும். இரைச்சலுக்குக் கீழே 28 டெசிபல் புதைந்து கிடந்தாலும் எதிர்முனைக் கணினி தோண்டி எடுத்துவிடும். காதால் கேட்டால் ஒன்றுமே இருக்காது. அந்த வெறும் இரைச்சலுக்குள்ளிருந்து ஒருவருடைய அழைப்புக் குறி திரையில் வந்து நிற்பதை முதல் தடவை பார்த்தபோதே இதை நாமும் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். வியூ3 ஹாம் உரிமம் கையில் வந்ததும் ஆரம்பித்த முதல் வேலை இதுதான்.

சர்க்யூட் எளியது. எஸ்ஐ5351 சிப் அதிர்வெண்ணை உண்டாக்குகிறது, ஒரு ஆர்டுயினோ நானோ (சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு) அதற்குத் தொனி மாற்றச் சொல்கிறது, ஒரே ஒரு பிஎஸ்170 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் அதைப் பெருக்குகிறது, கடைசியில் வேண்டாத உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் ஏழு உறுப்பு லோ பாஸ் ஃபில்டர். நேரத்துக்கு ஒரு ஜிபிஎஸ் மாட்யூல். விஸ்பர் எப்போதும் இரட்டைப்படை நிமிடம் பிறந்து ஒரு விநாடியில் தொடங்க வேண்டும். நம் நேரம் உலகப் பொது நேரமான யுடிசிக்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், நல்ல வேளை, சுவர்க் கடிகாரத்தில் இரட்டைப்படை என்றால் அங்கேயும் இரட்டைப்படைதான், கணக்குப் போட வேண்டியதில்லை.

ஈயம் உருக்குவதற்கு முன் எல்லாவற்றையும் எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் வரைந்து பார்த்தேன். முதல் நாள் முழுக்க வெறும் நேர்கோடு. வோல்டேஜ் சோர்ஸில் அதிர்வெண்ணை 14.097 போட்டு பக்கத்தில் பெரிய எம் எழுத்து அடித்திருந்தேன். ஸ்பைஸுக்குச் சின்ன எம், பெரிய எம் எல்லாம் ஒன்று, இரண்டுமே மில்லிதான். மெகா வேண்டுமென்றால் மெக் என்று மூன்று எழுத்து அடிக்க வேண்டும். நான் கேட்டது 14 மில்லிஹெர்ட்ஸ், ஒரு சுற்று முடியவே எழுபது விநாடி ஆகும், நான் பார்த்ததோ ஐந்து மைக்ரோவிநாடி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சரி செய்த பிறகு சிமுலேஷன் உண்மையிலேயே உதவியது. எஸ்ஐ5351 கொடுப்பது 3.3 வோல்ட் சதுர அலை. அதைக் கெப்பாசிட்டர் வழியாக மாஸ்ஃபெட்டின் கேட் காலுக்குக் கொடுத்தால் பூஜ்யத்துக்கு மேலே 1.65, கீழே 1.65 என்று பிரிந்துவிடும். பிஎஸ்170 திறக்கவே ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும், அதனால் அப்படியே விட்டால் வெளியே ஒன்றும் வராது. கேட் பயஸை, அதாவது கேட்டுக்கு நிலையாகக் கொடுக்கும் வோல்டேஜை, 0இலிருந்து 2.5 வரை படிப்படியாக ஏற்றி ஓடவிட்டுப் பார்த்ததில் 1.9 வோல்ட் அருகில் நல்ல சக்தியும் வந்தது, டிரைவ் இல்லாத நேரத்தில் கரண்ட்டும் பெரிதாக ஓடவில்லை. ஒரு பத்து கிலோ ஓம் பிரீசெட் போட்டால் போதும் என்று தெரிந்தது. 5 வோல்ட் விநியோகம், 50 ஓம் சுமை என்றால் வோல்ட்டின் வர்க்கத்தை இரு மடங்கு ஓமால் வகுக்கும் கணக்குப்படி 250 மில்லிவாட்தான் உச்சம். சிமுலேஷன் 230 சொன்னது. இரண்டும் ஒத்துப்போனதில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

மேசையில் கட்டியபோது முதல் அடி மாஸ்ஃபெட்டில் விழுந்தது. பிஎஸ்170 கிடைக்காமல் 2என்7000 வாங்கி வந்திருந்தேன். குணத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தட்டையான பக்கத்தை நம்மைப் பார்த்து வைத்தால் பிஎஸ்170க்கு டிரெயின், கேட், சோர்ஸ் என்று வரும், 2என்7000க்கு சோர்ஸ், கேட், டிரெயின். அப்படியே எதிர். தரவுத்தாளைப் பார்க்காமல் பழைய வரிசையிலேயே குத்திவிட்டேன். மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடு வழியாக 5 வோல்ட் நேராகத் தரைக்கு ஓடியது. விநியோகப் பாதையில் இருந்த 10 மைக்ரோஹென்றி சோக் காயில் பழுப்பாகி, வார்னிஷ் கருகும் வாசனை வந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். திரையில் வரையும் மாஸ்ஃபெட்டுக்குக் கால் வரிசை கிடையாது, அதனால் அங்கே இந்தத் தப்பு நடக்க வழியே இல்லை.

அப்புறம் பிஎஸ்170 வந்தது, புது சோக் போட்டேன், அளந்தேன். என்னிடம் ஆசிலாஸ்கோப் இல்லை. இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரை இணையாகச் சேர்த்து 50 ஓம் சுமை, அதன் மேலே ஒரு 1என்4148 டயோடு, 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர், அதில் மல்டிமீட்டர். மீட்டர் காட்டும் எண்ணோடு டயோடின் 0.6ஐச் சேர்த்தால் உச்ச வோல்டேஜ், அதை வர்க்கமாக்கி 100ஆல் வகுத்தால் வாட். மீட்டர் 2.4 காட்டியது. அதாவது 3 வோல்ட், 90 மில்லிவாட்.

230க்கு 90. எங்கே போனது மீதி?

இதற்கு மூன்று வாரம் செலவானது. முதலில் எஸ்ஐ5351இன் உள்தடையைச் சிமுலேஷனில் சேர்த்தேன், 50 ஓம் வைத்துப் பார்த்தேன், கேட்டின் 40 பிகோஃபாரட்டோடு சேர்ந்தாலும் இரண்டு நானோவிநாடித் தாமதம்தான், பெரிய மாற்றமில்லை. ஃபில்டரின் டொராய்டு வளையங்களில் சுற்று எண்ணிக்கை தப்போ என்று மூன்று காயிலையும் கழற்றி எண்ணினேன். மஞ்சள் நிற டி37-6 வளையம், ஓரங்களில் 16 சுற்று, நடுவில் 17. வளையத்தின் துளைக்குள் கம்பி எத்தனை தடவை நுழைகிறது என்பதுதான் கணக்கு, வெளியே எண்ணினால் ஒன்று குறையும். என் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. கடைசியில் ஊரில் இருக்கும் மூத்த ஹாம் ஒருவருக்கு போன் போட்டேன். அவர் சர்க்யூட் படத்தைக்கூடக் கேட்கவில்லை.

“ஃபில்டர்ல என்ன கெப்பாசிட்டர் போட்ட தம்பி?”

“டிஸ்க் செராமிக்தான் சார். 180, 390.”

“என்பிஓவா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “சால்டரிங் அயர்ன் நுனியைக் கெப்பாசிட்டர்கிட்ட கொண்டு போ, தொடாதே, மீட்டரைப் பாரு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று இரவே செய்து பார்த்தேன். நுனியை நடு 390இன் அருகே அரை சென்டிமீட்டரில் பிடித்தேன். 2.4 இருந்த மீட்டர் 2.3, 2.25, 2.1 என்று நகர்ந்தது. எடுத்ததும் மெல்லத் திரும்பி வந்தது. அந்தப் பழுப்பு வட்டுக்குள் இருக்கும் செராமிக் வெப்பத்துக்கு ஏற்ப மதிப்பை மாற்றிக்கொள்ளும் வகை. கழற்றி அளந்தால் 390 என்று அச்சிட்ட ஒன்று 460 காட்டியது. மேலே எம் என்ற எழுத்து இருந்தது, 20 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பது அதன் பொருள், ஆக அது அச்சிட்டபடிதான் நடந்திருக்கிறது. நான்தான் அந்த எழுத்தைப் படிக்கவில்லை.

இதைத் திரும்ப எல்டிஸ்பைஸில் போட்டுப் பார்த்ததுதான் இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி. நான்கு கெப்பாசிட்டருக்கும் அளந்த மதிப்பைக் கொடுத்தேன், ஒவ்வொன்றோடும் தொடராக ஒரு சின்னத் தடை சேர்த்தேன். இந்த வகைச் செராமிக்கின் தரக்காரணி 40 என்று வைத்தால் 390 பிகோஃபாரட்டுக்கு 14 மெகாஹெர்ட்ஸில் 0.7 ஓம் வருகிறது. 16, 17 மெகாஹெர்ட்ஸில் விழ வேண்டிய ஃபில்டர் கீழே இறங்கி நம் அதிர்வெண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. சக்தி மாஸ்ஃபெட்டிலிருந்து கிளம்பி, ஃபில்டரைத் தாண்ட முடியாமல் கொஞ்சம் சூடாகவும் கொஞ்சம் திரும்பியும் போயிருக்கிறது. சிமுலேஷன் என்னிடம் பொய் சொல்லவில்லை, நான் அதற்குக் கொடுத்த கெப்பாசிட்டர் கடையில் கிடைக்கிற கெப்பாசிட்டர் இல்லை.

சென்னை போனபோது ரிச்சி தெருவில் நாலைந்து கடை ஏறி இறங்கி, வெப்பத்துக்கு மதிப்பு மாறாத என்பிஓ வகை வாங்கி வந்து மாற்றினேன். பயஸை மறுபடி மெல்ல ஏற்றினேன். மீட்டர் 3.9. சேர்த்து 4.5, அதாவது 200 மில்லிவாட், இழுக்கும் கரண்ட் 60 மில்லியாம்பியர். அயர்னைப் பக்கத்தில் கொண்டுபோனால் மீட்டர் அசையவே இல்லை.

அதிர்வெண் அடுத்த வேலை. விஸ்பருக்கு 20 மீட்டரில் இருக்கும் சந்து மொத்தம் 200 ஹெர்ட்ஸ், 14.0970 முதல் 14.0972 வரை. வாங்கிய மாட்யூலின் படிகம் அவ்வளவு துல்லியம் இல்லை. எஸ்ஐ5351இன் இன்னொரு வெளியீட்டில் 2.5 மெகாஹெர்ட்ஸ் எடுத்து, ஜிபிஎஸ்ஸின் விநாடித் துடிப்பை வைத்து 40 விநாடி எண்ணவிட்டேன். சரியாக 10 கோடி வர வேண்டும், வந்தது 9,99,97,200. பத்து லட்சத்துக்கு 28 குறைவு, 14 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 395 ஹெர்ட்ஸ், சந்தைவிட்டே வெளியே. அந்தத் திருத்தத்தை நிரலில் போட்டதும் சரியாகிவிட்டது.

ஆனால் அனுப்பும்போது தொனி சாய்ந்தது. பக்கத்தில் ஆர்டிஎல் எஸ்டிஆர் ரிசீவர் வைத்து நானே பிடித்துப் பார்த்தால், அதிர்வெண்ணை நேரத்தோடு காட்டும் நீர்வீழ்ச்சிப் படத்தில் நேராக இறங்க வேண்டிய கோடு ஒரு பக்கமாக வளைந்தது. சில நேரம் வளைந்தது, சில நேரம் இல்லை. மேசைக்கு மேலே ஓடும் சீலிங் ஃபேன்தான் காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு மாலை ஆனது. கரண்ட் போய் யுபிஎஸ்ஸில் ஓடியபோது, ஃபேன் நின்ற நேரம், கோடு நேரானது. படிகத்தின் மேல் காற்று பட்டு வெப்பம் ஏறி இறங்குகிறது, கால் டிகிரி மாறினாலும் ஓரிரு ஹெர்ட்ஸ் நகரப் போதும். தெர்மோகோல் துண்டுகளை வெட்டிப் பெட்டியாக ஒட்டி மாட்யூலை உள்ளே வைத்தேன், அனுப்பாத நேரத்திலும் சிப்பை ஓடவிட்டே வைத்தேன். அதன் பிறகு அறிக்கைகளில் டிரிஃப்ட், அதாவது அதிர்வெண் நகர்வு, பூஜ்யம்.

ஆன்டெனா மொட்டை மாடியில். சவுக்குக் கம்பு ஒன்றை நட்டு, பக்கத்துக்கு 5.05 மீட்டர் கம்பியைத் தலைகீழ் வி வடிவில் இறக்கிக் கட்டினேன். “துணி காயப்போடலாமா இதுல?” என்று அம்மா கேட்டார். கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக் கொடுத்தேன்.

என் ஊர் திருச்சி, இருப்பிடக் கட்டம் எம்கே90. ஒரு ஞாயிறு மாலை ஐந்தரைக்கு முதல் தடவை வானத்தில் விட்டேன். இரண்டு நிமிடம் அனுப்பி எட்டு நிமிடம் சும்மா, இப்படியே. முதல் இரண்டு சுற்றில் யாருமில்லை. மூன்றாவதில் ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கமிருந்து என் சிக்னலைப் பிடித்ததாக ஓர் அறிக்கை வரி, மைனஸ் 19 டெசிபல், தூரம் 6,200 கிலோமீட்டர். ஓர் எல்இடி எரியும் அளவு சக்தியை இந்தியப் பெருங்கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய ரேடியோ பிடித்திருக்கிறது. அன்று இரவு எட்டரை மணிக்கு டிபி0ஜிவிஎன் என்ற அழைப்புக் குறி வந்தது. அண்டார்டிகாவில் ஜெர்மனி நடத்தும் நாய்மேயர் ஆராய்ச்சி நிலையம், 11,000 கிலோமீட்டர், மைனஸ் 27. அந்த வரியைப் பார்த்துவிட்டு எழுந்து மாடிக்குப் போய், இருட்டில் அந்தக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று விநியோகத்தை 5லிருந்து 2.5 வோல்ட்டாக இறக்கினேன். வோல்டேஜ் பாதி என்றால் சக்தி கால், அதாவது 50 மில்லிவாட், 6 டெசிபல் குறைவு. பெர்த் மைனஸ் 25 என்று சொன்னது. நாய்மேயர் இன்னும் வரவில்லை, இன்று இரவும் எட்டரைக்கு விட்டுப் பார்க்கிறேன்.