புத்தகத் தமிழும் வீட்டுத் தமிழும்

"யானை ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்கே எவரும் இல்லை." இதை அச்சில் உள்ளபடியே வாசித்தால் என் மூன்று வயது மகன் எழுந்து ஓடிவிடுவான். "யானை ஆத்தங்கரைக்குப் போச்சாம். அங்கிட்டு யாருமே இல்லையாம்" என்று சொன்னால் மடியை விட்டு இறங்க மாட்டான். தமிழில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் எந்தப் புதுப் புத்தகம் வந்தாலும் முதல் சில இரவுகள் மதுரைப் பேச்சில்தான் கதை. அது நன்றாகப் பழகிய பிறகுதான் எழுதியிருப்பதை வாசிப்பேன். அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் "சென்றது", "எவரும்" எல்லாம் அவனைத் தடுப்பதில்லை. ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்று அலுத்துக்கொள்ளும் தோழிகளிடம், தயவுசெய்து வாசியுங்கள் என்றுதான் கெஞ்சுவேன். எழுத்துத் தமிழ் காதில் ஏறுவது அப்படித்தான். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் அதைக் கண்ணால் பார்க்கிறேன். பாடப் புத்தகத் தமிழ் அவளை மிரட்டுவதே இல்லை.

புத்தகத்துக்குப் பெரிய செலவும் இல்லை. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிறுவர் பிரிவில் விட்டால் இரண்டு பேரையும் கிளப்புவதுதான் கஷ்டம். அப்புறம், பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம். தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். சின்னவனுக்கு முதல் நிலை போதும். நான் அச்செடுத்து ஸ்டேப்ளர் அடித்துவிடுவேன். போனில் காட்டினால் கதை பாதியிலேயே நின்று வீடியோவுக்குப் போய்விடும்.

வாசிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பேசுவது முக்கியம். 1988-ல் உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரை, படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கவும், குழந்தை சொன்னதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது.

நாங்கள் செய்வதும் அதேதான். அவன் "நாய்" என்பான். "ஆமா, நனைஞ்ச நாய். ஏன் நனைஞ்சிருக்கு?" என்று கேட்பேன். அவன் யோசிப்பதற்குள் கட்டிலில் படுத்திருக்கும் அப்பத்தா, "கம்மாயில விழுந்திருக்கும்டா" என்பார். கண்மாயை, அதாவது ஏரியை, எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். புத்தகத்தில் கம்மாயே கிடையாது. இப்போது மகள் எழுத்துக் கூட்டித் தம்பிக்கு அதை வாசித்துக் காட்டுகிறாள். அந்தப் பக்கம் வந்ததும் அவன் விடுவதில்லை, "கம்மாயச் சொல்லுக்கா, கம்மாயச் சொல்லு" என்று கத்துகிறான். அவளும் அச்சில் இருப்பதுபோலவே விரலை ஓட்டிக் கம்மாயையும் வாசித்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புகிறாள்.