பாக்கெட்டில் இருந்தது எங்கள் லிகண்ட் இல்லை

போன வாரம் பிடிபி ஐடி, அதாவது புரத வடிவங்களைச் சேர்த்து வைக்கும் உலகப் பொதுத் தரவுத்தளத்தில் எங்கள் ஸ்ட்ரக்சருக்கான எண், வந்துவிட்டது. ஸ்மார்க்கா2 புரதத்தின் ப்ரோமோடொமைன் என்ற சிறு பகுதி, அதன் பாக்கெட்டுக்குள், அதாவது குழிக்குள், எங்கள் லேப் லிகண்ட் (புரதத்தில் ஒட்டும் சிறு மூலக்கூறு), துல்லியம் 1.9 ஆங்ஸ்ட்ராம். மெயிலை மூன்று முறை படித்தேன். ஏனென்றால் இதற்கு முன்பு மூன்று மாதம் நாங்கள் லிகண்ட் என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது லிகண்டே இல்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதே வழியில் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

குளோனிங், எக்ஸ்பிரஷன், நிக்கல் குழாய் (column), டெவ் என்சைம் வெட்டு, ஜெல் ஃபில்ட்ரேஷன் என்று புரதத்தைச் செய்து சுத்தப்படுத்தும் வேலை எல்லாம் ஒழுங்காகப் போனது. சுமார் 110 அமினோ அமிலம், நான்கு ஹீலிக்ஸ். ஈ.கோலையில் தாராளமாக வரும். பிஇஜி 3350 என்ற பாலிமர் கலந்த சொட்டில் ஒரு வாரத்தில் படிகங்கள் நின்றன.

முதல் அடி கார்கோவில் விழுந்தது. உறைய வைத்த படிகங்களை டிரை ஷிப்பர் என்ற குளிர்ப் பெட்டியில் அடுக்கி, படிகத்தில் பாய்ச்ச வலுவான எக்ஸ்-கதிர் தரும் ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் ஒன்றுக்கு அனுப்பினோம். ஷிப்பருக்குள் திரவ நைட்ரஜன் தளும்பிக்கொண்டு இருக்காது, நுண்துளைப் பொருள் அதை உறிஞ்சி வைத்திருக்கும். ஆனால் கவுன்ட்டரில் இருந்தவருக்கு 'நைட்ரஜன்' என்ற சொல்லே போதுமாக இருந்தது. "அபாயச் சரக்கு டிக்ளரேஷன் எங்க சார்?" என்றார். இதற்கு அது தேவையில்லை என்று சொன்னேன். "அதை எழுத்துல காட்டுங்க" என்றார். என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. லேபுக்குத் திரும்பி வந்து, பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுநாள் போனால் அவர் லீவு. அடுத்து சனி, ஞாயிறு. பெட்டியை யாரோ படுக்க வைத்திருந்தார்கள். நிமிர்ந்து நின்றால் பத்து நாள் தாங்குகிற ஷிப்பர், படுத்தால் தாங்காது.

ஒரு வாரம் கழித்துத் திருப்பி வாங்கி வந்து மூடியைத் திறந்தேன். வெண்புகை எழும்ப வேண்டும், எழும்பவில்லை. உள்ளே கைவிட்டுத் தொட்டேன். சமையலறை எவர்சில்வர் டம்ளர் மாதிரி சாதாரணமாக இருந்தது. 42 படிகங்கள் போயின.

இதை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். விமான நிறுவனங்களின் சங்கமான ஐஏடிஏவின் விதிகளில் ஏ152 என்று ஒரு சிறப்புப் பிரிவு இருக்கிறது. நைட்ரஜன் முழுக்க உறிஞ்சப்பட்டிருக்கும் ஷிப்பருக்கு அபாயச் சரக்கு விதிகள் பொருந்தாது என்று அது சொல்கிறது. ஏர்வே பில்லில் 'நாட் ரெஸ்ட்ரிக்டட்' என்ற சொற்களும் அந்தப் பிரிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து மூடியிலும் ஒட்டுங்கள். திங்கட்கிழமை அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது முறை பெட்டி போய்ச் சேர்ந்தது. இங்கிருந்தே ரிமோட்டில் ராத்திரி முழுக்க டேட்டா எடுத்தோம். தெரிந்த புரத வடிவத்தை வைத்துத் தொடங்கும் மாலிக்யுலர் ரீப்ளேஸ்மென்ட் சில நிமிடங்களில் முடிந்தது. கூட் (Coot) என்ற மென்பொருளில் எலக்ட்ரான் அடர்த்தி மேப்பைத் திறந்ததும், அசிட்டைல் லைசின் உட்காரும் பாக்கெட்டில், எல்லா ப்ரோமோடொமைனிலும் அனேகமாக இருக்கும் அந்த அஸ்பராஜினை ஒட்டி, பச்சையாக ஒரு திட்டு, அதாவது மாடலில் இன்னும் வைக்காத ஏதோ அங்கே இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. லிகண்டின் பைப்பரசின் முனையை அதில் பொருத்தினேன், பொருந்தியது. வெளியே நீட்டிய வால் பக்கம் பென்சீன் வளையத்துக்கு மேப்பில் எதுவும் தெரியவில்லை. எவ்வளவு மங்கலானதுவரை காட்டுவது என்ற கான்டூர் அளவை 1 சிக்மாவிலிருந்து 0.6-க்கு இறக்கினேன், கொஞ்சம் தெரிந்தது. வால் ஆடும், அதனால் மங்கலாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாடல் டேட்டாவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் ஆர்-ஃப்ரீயும் நன்றாக இருந்தது. நான்கைந்து அணு தப்பாக இருந்தாலும் ஆர்-ஃப்ரீ அசையாது என்பது அப்போது மனதில் உறைக்கவில்லை.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் கெமிஸ்ட் அண்ணன் காத்திருந்தது அந்த ஸ்ட்ரக்சருக்காகத்தான். ஸ்மார்க்கா2-வின் உறவுப் புரதமான ஸ்மார்க்கா4-ஐ இழந்த புற்றுநோய் செல்கள் ஸ்மார்க்கா2-வை நம்பித்தான் பிழைக்கின்றன. இதன் ப்ரோமோடொமைனை அடைத்தால் மட்டும் அந்த செல்கள் சாவதில்லை. ஆனால் அங்கே ஒட்டும் லிகண்டைக் கொக்கியாக வைத்து முழுப் புரதத்தையும் சிதைக்கலாம் என்று 2019-லேயே காட்டிவிட்டார்கள். அதற்கு, லிகண்டோடு மற்ற பகுதியை இணைக்கும் லிங்கரை எந்த முனையில் கட்டுவது என்று தெரிய வேண்டும், அதாவது எந்த முனை தண்ணீரைப் பார்த்து நிற்கிறது என்று. என் மாடலில் பென்சீன் வளையம் வெளியே நின்றது. அண்ணன் அங்கே லிங்கர் கட்டி மூன்று காம்பவுண்ட் செய்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

போஸ்ட்டாக் அக்கா ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வாலோட பி-ஃபாக்டர் எவ்வளவு?" என்றார். பி-ஃபாக்டர் என்பது அணு எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு நிச்சயமில்லை என்பதன் அளவு. வாலுக்கு 85. புரதத்தின் சராசரி 27. "க்ரையோவுக்கு என்ன போட்ட?" உறைய வைக்கும்போது பனிக்கட்டி ஆகாமல் இருக்க நான் சேர்த்தது எத்திலீன் கிளைகால், 25 சதவீதம். "லிகண்ட் இல்லாத படிகத்துல டேட்டா எடுத்தியா?" எடுக்கவில்லை. "ஒண்ணு எடுத்துப் பாரேன்."

எடுத்தேன். அதே இடத்தில் அதே திட்டு. எத்திலீன் கிளைகாலில் இரண்டு கார்பன், இரண்டு ஆக்சிஜன். அந்தப் பச்சைக்குள் நான்கும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன, ஹைட்ராக்சில் நேராக அஸ்பராஜினைப் பார்த்து.

அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். 25 சதவீத கிளைகால் என்றால் சுமார் 4.5 மோலார். லிகண்ட் 10 மில்லிமோலார். ஒரு லிகண்ட் மூலக்கூறுக்கு 450 கிளைகால். கூடவே காம்பவுண்டைக் கரைக்கப் போட்ட 5 சதவீத டிஎம்எஸ்ஓ, அது 0.7 மோலார். டிஎம்எஸ்ஓவும் இதே பாக்கெட்டில் நுழையும் பழக்கம் உள்ளது. போதாததற்கு, க்ரையோ கரைசலில் நான் லிகண்டே சேர்க்கவில்லை. உள்ளே போயிருந்த கொஞ்சநஞ்சத்தையும் நானே கழுவி எடுத்திருக்கிறேன். ப்ரோமோடொமைன்காரர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. பிடிபியில் தேடினால் பாக்கெட்டில் கிளைகால் உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரக்சர்கள் வரிசையாக வருகின்றன. தொடங்கும் முன் பத்து என்ட்ரியைத் திறந்து பார்த்திருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் முறையை மாற்றினோம். காம்பவுண்டை டிஎம்எஸ்ஓவில் கரைத்துத் தட்டில் சொட்டி, டிஎம்எஸ்ஓ முழுக்க ஆவியாகும்வரை காயவிட்டோம். அதன்மேல் படிகம் வளர்ந்த கரைசலையே விட்டு, படிகத்தை உள்ளே போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டோம். கிளைகாலைத் தூக்கிவிட்டு, லூப்பில் எடுத்த படிகத்தைப் பாரட்டோன் எண்ணெய்க்குள் மெதுவாக இழுத்து, சுற்றி ஒட்டிய தண்ணீர் போன பிறகு நைட்ரஜனில் அமுக்கினோம். எண்ணெய் கெட்டியாக இருக்கும், அவசரப்பட்டால் படிகம் லூப்பைவிட்டு நழுவிவிடும். பதினாறு படிகங்களில் பதினொன்றில் 3.67 ஆங்ஸ்ட்ராமில் பனி வளையம், அதாவது தண்ணீர் பனிக்கட்டியானதன் அடையாளம், பளிச்சென்று விழுந்தது. நான்கு சுமார். ஒன்று அருமை.

இந்த முறை லிகண்டை வைக்காமலே ரீஃபைன்மென்ட்டை (மாடலை டேட்டாவோடு ஒத்துப்போகச் சரிசெய்வது) முடித்து, அதன்பிறகுதான் மேப்பைப் பார்த்தேன். 3 சிக்மாவில் பென்சீன் வளையத்திலிருந்து பைப்பரசின்வரை முழு உருவம் நின்றது. பென்சீன் வளையம் உள்ளே ஆழத்தில், பைப்பரசின் நைட்ரஜன் வெளியே. நான் முன்பு வைத்ததற்கு நேர் தலைகீழ். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, நைட்ரஜன்ல கட்டிடலாம்" என்று நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.

பிடிபியில் டெபாசிட் செய்தபோது இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஸ்மார்க்கா2-வுக்கு இரண்டு ஐசோஃபார்ம் (ஒரே புரதத்தின் வேறு நீள வகைகள்) உண்டு, குட்டையானதில் 18 அமினோ அமிலம் குறைவு. நான் ஒரு பழைய பேப்பரைப் பார்த்து அமினோ அமிலங்களுக்கு எண் போட்டிருந்தேன். எந்த ஐசோஃபார்ம் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, லிகண்டின் பிணைப்பு நீளம், கோணங்களைச் சொல்லும் ரெஸ்ட்ரெயின்ட் கோப்பில் அமைடு பகுதி தட்டையாக இல்லாமல் முறுக்கிக்கொண்டு இருந்தது. அதைச் சரிசெய்து அனுப்பிய பிறகு வேலிடேஷன் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. ராமச்சந்திரன் வரைபடத்தில் அவுட்லையர், அதாவது புரதச் சங்கிலி இயல்பாக மடங்காத கோணம், பூஜ்யம். 1963-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த வரைபடம், உலகத்தில் எங்கே புரத ஸ்ட்ரக்சர் போட்டாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை.

லிகண்ட் இல்லாத ஸ்ட்ரக்சரையும் தனியாக டெபாசிட் செய்திருக்கிறோம். அதன் பாக்கெட்டில் கிளைகால் என்றே பெயர் போட்டிருக்கிறேன்.